பாக்கெட்டுக்குள் 720 மிமீ: டிராவல் ஜூம் கேமராக்களின் கதை

டிராவல் ஜூம் கேமராவின் அட்டைப்பெட்டியில் ரெண்டு எண்கள் கொட்டை எழுத்தில் இருக்கும். ஒன்று ‘30எக்ஸ்’, இன்னொன்று ‘18 மெகாபிக்சல்’. மூணாவதா ஒரு எண் லென்ஸ் வளையத்தில் பொடி எழுத்தில் இருக்கும், 3.3-6.4 என்பது போல. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அதைக் கவனிப்பதில்லை. ஆனா இந்த வகைக் கேமராவின் பலம், பலவீனம் ரெண்டுக்கும் சாவி அந்தப் பொடி எண்தான். அது எங்கிருந்து வந்தது என்று தேடினால் பிலிம் காலத்துக்குப் போக வேண்டியிருக்கு.

1986-ல் ஜப்பானின் அசாஹி நிறுவனம் ‘பென்டாக்ஸ் ஜூம் 70’ என்ற கேமராவைக் கொண்டுவந்தது. ஜூம் லென்ஸ் வைத்த முதல் 35 மிமீ காம்பாக்ட் அதுதான். 35-லிருந்து 70 மிமீ வரை, வெறும் ரெண்டு மடங்கு. இன்றைக்குச் சிரிப்பு வரலாம். ஆனா அதுவரைக்கும் ஜூம் வேணும்னா எஸ்எல்ஆர் கேமராவையும் லென்ஸ்களையும் தோளில் மாட்டிக்கொண்டு அலைவது தவிர வேறு வழி இல்லை. பத்து, பதினஞ்சு வருஷத்தில் அது 160 மிமீ, 200 மிமீ என்று நீண்டது. விலை என்ன தெரியுமா? ஜூமின் கடைசி முனையில் அப்பர்ச்சர் எஃப்/12, எஃப்/13 என்கிற அளவுக்குச் சுருங்கிப்போனது. எஃப் எண் கூடக் கூட உள்ளே வரும் வெளிச்சம் குறையும். 100 ஐஎஸ்ஓ பிலிம் போட்டுச் சாயங்காலம் எடுத்தால் படம் ஆடிப்போகும். இதற்குப் பிலிம் கம்பெனிகள் மருந்து கண்டுபிடித்தன: கோடாக் 800 ஐஎஸ்ஓ பிலிம் ஒன்றுக்கு ‘மேக்ஸ் ஜூம்’ என்றே பேர் வைத்து விற்றது. கேமராவின் குறையைப் பிலிமின் பேராகவே வைத்த சாமர்த்தியத்தைப் பாராட்டத்தான் வேணும்.

பிலிம் சட்டம் 36×24 மிமீ. அவ்வளவு பெரிய பரப்பை நிரப்பணும்னா லென்ஸும் நிஜமாகவே 200 மிமீ குவியத் தூரம் உடையதா இருக்கணும். டிஜிட்டல் வந்தபோது இந்தக் கணக்கு மாறியது. காம்பாக்ட் கேமராக்களில் வைத்த ‘1/2.3 இன்ச்’ சென்சாரின் உண்மையான அளவு சுமார் 6.2×4.6 மிமீ, சுண்டுவிரல் நகத்தை விடச் சிறிசு. (இந்த ‘இன்ச்’ ஒரு பழைய பித்தலாட்டம். அந்தக் காலத்து டிவி கேமராவில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளி விட்டத்தை வைத்து வந்த கணக்கு. ஸ்கேல் வைத்து அளந்தால் எந்தப் பக்கமும் ஒத்துவராது.) பரப்பில் இது பிலிம் சட்டத்தின் 31-ல் ஒரு பங்கு. சென்சார் சிறிசானதால் 4.3 மிமீ லென்ஸே பிலிம் காலத்து 24 மிமீ லென்ஸின் அகலக் காட்சியைக் கொடுத்துவிடும். 129 மிமீ லென்ஸ் 720 மிமீ காட்சியைக் கொடுக்கும். கேமராக்காரர்கள் ‘24-720 மிமீ’ என்று சொல்வதெல்லாம் இப்படிச் ‘சமமாக்கிச்’ சொல்வதுதான்.

2000 வாக்கிலேயே பத்து மடங்கு ஜூம் டிஜிட்டல் கேமராக்கள் இருந்தன. ஒலிம்பஸ் சி-2100 ஒரு நல்ல உதாரணம். ஆனா அதைச் சட்டைப் பையில் போட முடியாது. பையில் போகிற பத்து மடங்கு ஜூம் என்று பேர் வாங்கியது பானசோனிக் லூமிக்ஸ் டிஇசட்1, 2006-ல். உள்ளே ஒரு முப்பட்டகம் வைத்து ஒளியைச் செங்குத்தாகத் திருப்பிவிட்டார்கள். மினோல்டா 2002-லேயே டிமாஜ் எக்ஸ் என்ற கேமராவில் மூன்று மடங்கு ஜூமுக்குச் செய்த வித்தைதான் இது. கேமராவின் தடிமன் 4 சென்டிமீட்டர் அளவுதான், காட்சி 35-லிருந்து 350 மிமீ. கூடவே கை நடுக்கத்தை லென்ஸே ஈடுகட்டும் வசதி. இதைச் சின்ன விஷயமா நினைக்காதீங்க. கையில் பிடித்து எடுக்க ஷட்டர் வேகம் குறைந்தது ‘குவியத் தூரத்தில் ஒரு பங்கு’ இருக்கணும் என்பது பழைய வாய்ப்பாடு. 350 மிமீக்கு 1/350 நொடி. இந்த நடுக்கத் தடுப்பு இல்லேன்னா டிராவல் ஜூம் என்ற வகையே பிறந்திருக்காது. 2007-ல் வந்த டிஇசட்3 28 மிமீயில் தொடங்கியது. குறுகலான தெருவில் நின்று ஒரு கட்டிடத்தை முழுசா எடுக்க இதுதான் பெரிய உபகாரம்.

அப்புறம் எண் ஓட்டப்பந்தயம். பானசோனிக் மட்டுமே 2009-ல் 12, 2011-ல் 16, 2012-ல் 20, 2014-ல் டிஇசட்60 கேமராவில் 30 மடங்கு என்று ஏறியது. 2016-ல் கேனான் எஸ்எக்ஸ்720 ஒரே தாவாகத் தாவி 40, அதாவது 24-960 மிமீ. 2010-ல் சோனியும் பானசோனிக்கும் ஜிபிஎஸ் வைத்தன. ஊர் ஊராகச் சுற்றுகிறவனுக்கு அது எவ்வளவு பிரயோஜனம்! பின்னால் வந்த பல மாடல்களில் அதைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள்.

இப்ப அந்தப் பொடி எண்ணுக்கு வருவோம். குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் ஒளி உள்ளே வரும் ‘ஓட்டையின்’ விட்டம் கிடைக்கும். டிஇசட்60-க்கு 129-ஐ 6.4-ஆல் வகுங்க: 20 மிமீ. அவ்வளவுதான். நிஜமான 720 மிமீ, எஃப்/6.4 லென்ஸுக்கு 112 மிமீ ஓட்டை வேணும். அது கிரிக்கெட் மைதானத்து ஓரத்தில் முக்காலி போட்டு வைத்திருப்பார்களே, அந்த ஜாதி. பாக்கெட்டில் போகணும்னா கண்ணாடியின் அகலம் ரெண்டு, ரெண்டரை சென்டிமீட்டரைத் தாண்ட முடியாது. இன்ஜினியர் எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும் சட்டைப் பையின் அளவு மாறப்போவதில்லை.

ரெண்டாவது முட்டுக்கட்டை, பிளஸ் டூ இயற்பியலில் படித்தோமே, விளிம்பு விளைவு. எஃப்/6.4-ல் ஒரு புள்ளி ஒளி சென்சாரில் புள்ளியாக விழாது. சுமார் 8.6 மைக்ரான் அகலத்துக்கு ஒரு வட்டமாகப் பரவும். அந்தச் சின்ன சென்சாரில் 18 மெகாபிக்சலை அடைத்தால் ஒரு பிக்சல் 1.2 மைக்ரான். ஆக ஒரு புள்ளி ஏழு பிக்சல் அகலத்துக்கு இழுகிவிடுகிறது. மெகாபிக்சலை ஏற்றினால் ஃபைல் பெரிசாகுமே தவிர, நுணுக்கம் அதே அளவுக்குக் கூடாது. பானசோனிக்காரர்களுக்கு இது தெரியாமல் இல்லை. 2015-ல் வந்த டிஇசட்70-ல் 18 மெகாபிக்சலை 12-ஆகக் குறைத்தார்கள். என் கணக்கில் இந்தக் குடும்பத்தில் எடுத்த மிக நேர்மையான முடிவு அதுதான். அடுத்த வருஷமே டிஇசட்80-ல் மறுபடி 18, அதற்கடுத்து 20! அட்டைப்பெட்டி ஜெயித்தது.

இவ்வளவு குறை சொல்கிறாயே, பின்ன ஏன் உன் பையில் இன்னும் ஒன்று இருக்கு என்று கேட்பீர்கள். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் தளங்களில் இருக்கும் உருவங்களைத் தரையிலிருந்து எடுக்க வேறு என்ன வழி? தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கும் இடங்களில் முக்காலி வைக்கத் தனி அனுமதி வேணும். டெலி லென்ஸோடு போனால் காவலாளி நம்மைப் பார்க்கிற பார்வையே வேறு. வழிபாட்டில் இருக்கும் ஊர்க் கோயில்களில் இன்னொரு அவசரமும் உண்டு. குடமுழுக்குக்கு நாள் குறித்துவிட்டால் கோபுரத்துச் சுதைச் சிற்பங்களுக்குப் புதுப் பூச்சும் வண்ணமும் ஏறிவிடும். அதற்கு முன்னால் ஆயுதம் என்ன, ஆபரணம் என்ன என்று யாராவது படம் எடுத்து வைத்திருந்தால்தான் பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். குடும்பத்தோடு வேறு வேலையாகப் போன இடத்தில் ஒருத்தன் கையில் எதேச்சையாக இருந்த கேமராதான் அப்போது ஆவணம். அந்த இடத்தில் ‘வீட்டில் நல்ல கேமரா இருக்கு’ என்பது ஒரு பதிலே இல்லை.

காலை ஒன்பதுக்கு முன்னால் போங்க. வெயில் ஏறிவிட்டால் கருங்கல் தரையிலிருந்து எழும் சூட்டில் 700 மிமீ காட்சி கானல் மாதிரி நெளியும். அதற்கு எந்த லென்ஸும் பொறுப்பல்ல.

அதே கேமராவோடு உள் மண்டபத்துக்குள் போனால் கதை தலைகீழ். ஐஎஸ்ஓ 1600-ஐத் தொட்டதுமே சிற்பத்தின் முகம் மெழுகு பூசியது போல ஆகிவிடும். இரைச்சலை அழிக்கிறேன் பேர்வழி என்று கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள் உளி வேலையையும் சேர்த்து அழித்துவிடுகிறது. ரா ஃபைல் கிடைத்தால் நாமே பக்குவமாகச் செய்துகொள்ளலாம். பானசோனிக் வரிசையில் அது டிஇசட்60-ல்தான் வந்தது. கேனானின் 40 மடங்கு எஸ்எக்ஸ்740-ல் கடைசிவரை இல்லை. கல்வெட்டுக்கு ஃபிளாஷ் போடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் எழுத்தின் நிழல் போய்விடும், எழுத்தும் போய்விடும். பக்கவாட்டில் யாராவது டார்ச் பிடித்தால் இந்தச் சின்ன சென்சாரே போதும்.

இந்த இருட்டுக் குறைக்குப் பதிலாக 2016-ல் வந்தது டிஇசட்100. ஜூமைப் பத்து மடங்காகக் குறைத்து, ‘ஒரு இன்ச்’ சென்சார் (13.2×8.8 மிமீ, நாலு மடங்கு பரப்பு) வைத்தார்கள். கோயில் மண்டபத்தில் வித்தியாசம் கண்கூடு. ஆனா அதன் தம்பி, 2018-ல் வந்த டிஇசட்200 பற்றித்தான் சொல்லணும். அதன் லென்ஸ் கடைசி முனையில் 132 மிமீ, எஃப்/6.4. டிஇசட்60-ன் லென்ஸ் 129 மிமீ, எஃப்/6.4. ரெண்டும் ஏறத்தாழ ஒன்றே! ஓட்டை அதே 20 மிமீ. பின்னால் பெரிய சென்சார் இருப்பதால் ஒன்றின் பேர் 360 மிமீ, சின்ன சென்சார் இருப்பதால் மற்றதன் பேர் 720 மிமீ. தூரத்துச் சிற்பத்திலிருந்து ரெண்டும் வாங்கும் வெளிச்சம் சமம். டிஇசட்200 படத்தின் நடுவில் கால் பங்கை வெட்டினால் 5 மெகாபிக்சலில் அதே 720 மிமீ காட்சி கிடைக்கும். விளிம்பு விளைவைக் கணக்கில் எடுத்தால், சின்ன சென்சார் அதை விட அதிகமாகக் காட்டும் நுணுக்கம் கொஞ்சம்தான். விலை வித்தியாசம் மட்டும் கொஞ்சமல்ல. தூசியும் ஒரு பிரச்சினை. குழாய் போல நீண்டு சுருங்கும் லென்ஸ், பம்பு மாதிரி காற்றை இழுக்கும். சென்சாரில் ஒட்டிய தூசியைத் துடைக்க லென்ஸைக் கழற்ற வழியில்லை. கேமராவை உறைக்குள் போட்டு வைப்பது ஒன்றுதான் வைத்தியம்.

இதற்குள் சந்தையே காலியாகிவிட்டது. ஜப்பான் கேமரா உற்பத்தியாளர் சங்கக் கணக்குப்படி, லென்ஸ் கழற்ற முடியாத டிஜிட்டல் கேமராக்கள் 2010-ல் சுமார் 10.8 கோடி அனுப்பப்பட்டன. 2023-ல் சுமார் 17 லட்சம். காரணம் போன் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனா போனும் அதே முப்பட்டக வித்தையைத்தான் எடுத்துக்கொண்டது. 2019-ல் ஹுவாவே பி30 ப்ரோவில் வந்த பெரிஸ்கோப் லென்ஸ் டிமாஜ் எக்ஸின் பேரன். சாம்சங் எஸ்20 அல்ட்ரா 2020-ல் ‘100எக்ஸ்’ என்று முதுகிலேயே அச்சடித்துக்கொண்டு வந்தது. அதே சாம்சங் 2024-ல் எஸ்24 அல்ட்ராவில் 10 மடங்கு லென்ஸை எடுத்துவிட்டு 5 மடங்கும் பெரிய சென்சாரும் வைத்தது. டிஇசட்100 செய்த அதே பேரம்.

2025-ல் பானசோனிக் டிஇசட்99 கொண்டுவந்திருக்கு. அதே 30 மடங்கு, அதே 24-720, அதே 3.3-6.4. புதுசா யுஎஸ்பி-சி உண்டு. ஐரோப்பாவில் 2024 கடைசியிலிருந்து அது கட்டாயம். பழைய மாடலில் இருந்த வ்யூஃபைண்டரை மட்டும் எடுத்துவிட்டார்கள். கண்ணோடு ஒட்டிப் பிடித்தால்தான் 720 மிமீயில் கை ஆடாமல் நிற்கும், நடு வெயிலில் பின்பக்கத் திரையில் சட்டையின் பிம்பம்தான் தெரியும் என்பதால், நான் தேடுவதென்னவோ செகண்ட் ஹேண்டில் ஒரு டிஇசட்70.