உறியும் அலுமாரியும்

வீட்டைப் புதுக்க நினைப்போர் இன்று முதலிற் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, குசினிக்கு எவ்வகை அலுமாரி வைப்பது என்பதாகும். தட்டைக் கதவா, சட்டமிட்ட கதவா, கண்ணாடி பதித்த கதவா? தேக்கா, அலுமினியமா, மரத்தூளை அமுக்கிச் செய்த பலகையா? புத்தளத்திலும் கற்பிட்டியிலும் சிலாபத்திலும் வண்ணப் படங்களைப் புரட்டிப் புரட்டி இதைத் தீர்மானிக்கும் குடும்பங்கள் உண்டு. வசதி படைத்தோரின் இந்தப் பொழுதுபோக்கில் வரலாறு எங்கே வந்தது என்று சிலர் நகைக்கலாம். கோட்டை கொத்தளங்களிலே மட்டும் வரலாற்றைத் தேடிப் பழகிவிட்டோம். அடுப்பங்கரையிலும் அது குந்தியிருப்பதை நாம் காண்பதில்லை.

நம் வாய்ச்சொற்களையே எடுத்துக்கொள்வோம். அடுக்களை என்ற பழஞ்சொல் நம்மிடம் இருக்க, ஈழத்தவராகிய நாம் குசினி என்கிறோம். இது போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். அலுமாரியும் அவர்களுடையதே, மேசையும் அவ்வாறே. 1505இல் இத்தீவில் கால்வைத்தவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் தந்த சொற்கள் நம் சமையலறையிலே நிலைத்துவிட்டன. ஆனால், சொல் வந்த வேகத்தில் பொருள் வந்துவிடவில்லை. அலுமாரி என்ற சொல்லை அறிந்த எத்தனையோ தலைமுறைகள் ஓர் அலுமாரியேனும் இல்லாத குசினியிலே சமைத்து மாண்டிருக்கின்றன.

அக்குசினியில் இருந்தவை யாவை? கூரை வளையிலிருந்து தொங்கும் உறி. அதில் பூனைக்கும் எறும்புக்கும் எட்டாத பாற்சட்டி. பரணில் விறகும் தேங்காயும். பனையோலைப் பெட்டிகளில் அரிசி, பயறு, கருவாடு. மூலையில் அம்மியும் உரலும் திருவலையும். கடலோர மீனவரின் கிடுகு வாடியில் இவற்றிலும் பாதி இராது. பருவந்தோறும் கரை மாறிச் செல்லும் குடும்பம் தூக்கிச் செல்லக்கூடியதைத்தானே வைத்திருக்க முடியும்? சுவரில் அறைந்த பெட்டி, நிலைத்து வாழ்பவனின் உடைமை. இதனை நாம் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும்.

மரத்துக்கு இக்கரையில் என்றும் பஞ்சமிருந்ததில்லை. 1344இல் இங்கு வந்திறங்கிய இபன் பதூதா, பத்தாலா என்ற பட்டினத்தை மரமதில் சூழ்ந்திருந்ததாக எழுதினார். அப்பட்டினம் புத்தளமே என்பது அறிஞர் கொள்கை. பின்னர் ஒல்லாந்தர் வந்தனர். 1667இல் கற்பிட்டியிற் கோட்டை கட்டத் தொடங்கினர். கருங்காலியும் முதிரையும் அவர்கள் காலத்தில் கனத்த பேழைகளாகவும் பித்தளைப் பூணிட்ட அலுமாரிகளாகவும் உருமாறின. கொழும்பு ஒல்லாந்தர் அருங்காட்சியகத்தில் இன்றும் அத்தகைய தளபாடங்களைக் காணலாம். மரத்தை வெட்டியவனும் இழைத்தவனும் இம்மண்ணின் மக்கள். இழைத்த அலுமாரி பிரபுவின் கூடத்துக்குப் போயிற்று. இழைத்தவனின் மனைவிக்கு உறியே மிஞ்சிற்று.

கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1859இல் வெளியிட்ட 'தமிழ் புளூராக்' என்னும் நூலிலே தமிழ்ப் புலவர் வரலாற்றைத் தொகுத்தார். மறக்கவொண்ணாத தொண்டு அது. புலவருக்கு ஒரு தொகுப்பாளர் கிடைத்தார். புலவருக்குச் சோறு வடித்தவளின் வரலாற்றைத் தொகுக்கும் கடமை நமக்கு எஞ்சியிருக்கிறது.

மேலைநாட்டில் இக்கடமையைச் சிலர் வேறு வழியில் உணர்ந்தனர். 1926இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிகோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வகுத்தார். அடுப்பிலிருந்து தொட்டிக்கு எத்தனை அடி நடக்கிறாள், எத்தனை முறை குனிகிறாள் என்று கணக்கெடுத்து அவர் அமைத்த அச்சிற்றறை, ஏறத்தாழ 10,000 வீடுகளில் இடம்பெற்றது. இன்றைய பான்ட்ரி அலுமாரிகளுக்கெல்லாம் அதுவே பாட்டி எனலாம். நாஜிகளை எதிர்த்தமைக்காக 1941இற் சிறைப்பட்டு 1945இல் விடுதலையான பொதுவுடைமையாளர் அவர். எனினும் அவ்வறையிலும் ஒரு குறை இருந்தது. ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய அளவினதாகையால், பெண்ணின் நடை குறைந்ததேயன்றி அவளுடைய தனிமை குறையவில்லை. அடுப்படிக்கு ஆணும் வரவேண்டுமென்று எந்த அலுமாரியும் தானாகச் சொல்லிவிடாது.

இன்று படப் புத்தகங்களில் ஷேக்கர் பாணி என்ற ஒன்று விலைபோகிறது. நாற்புறமும் சட்டம், நடுவே தாழ்ந்த தட்டைப் பலகை, வேறு அலங்காரமில்லை. 1774இல் ஆன் லீ என்ற பெண்ணின் தலைமையில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா சென்ற ஒரு சமயக் கூட்டத்தாரின் பெயர் அது. அவர்கள் உடைமையைப் பொதுவில் வைத்தவர்கள், ஆடம்பரத்தைப் பாவமென்றவர்கள். அவர்களின் எளிமையையும் சந்தை விலைப்பொருளாக்கிவிட்டது.

இனி நாம் சொல்லத் தயங்கும் இடத்திற்கு வருவோம். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தவருக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். மன்னார்த் தீவிலிருந்து படகேறியவர்கள் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினர். விரட்டப்பட்ட எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோரில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். அவர்களும் நம் மொழி பேசுவோர். விரட்டியவர்களும் நம் மொழி பேசுவோரே. இவ்வெட்கத்தை முற்போக்குப் பேசும் நாம் ஒளிக்கலாகாது.

இரண்டு மணி நேரத்தில் ஒரு பெண் தன் குசினியிலிருந்து எதை எடுப்பாள்? அலுமாரியைத் தோளில் ஏற்ற முடியாது. பாட்டி தந்த செம்பும், அரைத்துத் தேய்ந்த அம்மியும், அடுக்கிவைத்த பீங்கான்களும் பின்தங்கின. பிறகு தென்னங்கிடுகு வேய்ந்த குடிசை. மூன்று கல் அடுப்பு. பெட்டி அறையச் சுவரே இல்லாத வாழ்வு. மூதாதையரின் உறி மீண்டும் வந்தது. அன்று அது வழக்கத்தால் வந்தது. இம்முறை கொடுமையால் வந்தது.

இவ்வாறு பதினாறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. 2007இல் புத்தளம் வீடமைப்புத் திட்டத்திற்கு உலக வங்கி 3 கோடியே 20 இலட்சம் டொலர் அளிக்க இசைந்தது. பணத்தைத் தவணையாகப் பெற்று, வீட்டைக் குடும்பத்தாரே கட்டிக்கொள்ளும் முறை அது. கல்வீடு எழும்பிய இடத்தில் குசினிக்கும் சுவர் எழும்பியது. அச்சுவரில் அறைந்த முதற் பலகைத் தட்டின் பெறுமதியை எந்தப் படப் புத்தகமும் சொல்லாது. இனி எங்களை எழுப்பிவிட முடியாது என்று அது சொல்லிற்று.

ஆகவே, எந்த அலுமாரி என்ற கேள்வி அற்பமானதன்று. அதை யாரிடம் கேட்கிறோம் என்பதே முக்கியம். உப்புக்காற்று இரும்புக் கீலைத் துருவேற்றும். ஈரம் பட்டால் மரத்தூட் பலகை ஊதிப் பிளக்கும். கடற்கரைப் பெண் இதனைக் கடைக்காரனிலும் நன்கறிவாள். மேற்தட்டு அவள் கைக்கு எட்டுகிறதா, மேடை அவள் முதுகை வளைக்கிறதா என்பதும் அவளுக்கே தெரியும். பணம் கொடுப்பவனிடமும் தச்சனிடமும் கேட்கிறோம். அவளிடம் கேட்பது அரிது. அளவுகோல் முதலில் அவள் கைக்குச் செல்லட்டும். கதவுகள் பொருத்தியபின், அவற்றைத் திறந்து அரிசி எடுக்கும் வேலையை வீட்டு ஆண்களும் பழகிக்கொள்ளட்டும்.