சில்வர் பூசிய சக்கரங்கள்

ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிறு, மதுரையில் எங்கள் வீட்டு வாசலில் அம்பாசிடர் ஜாக்கியில் ஏறி நிற்கும். உத்தரபாராவில் 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 வரை தயாரான கார். எங்களுடையதற்கு 15 அங்குல இரும்பு வீல். மழைத்தண்ணீர் வீல் கப்புக்குள் தேங்கி, விளிம்பெல்லாம் துரு.

அப்பா உப்புத்தாளால் தேய்ப்பார். பளபளவென்று இரும்பு தெரிந்ததும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, காயவிட்டு, ரெட் ஆக்சைடு அடிப்பார். அது காய ஒரு ராத்திரி. மறுநாள் சில்வர் பெயின்ட். டயரில் படாமலிருக்கப் பழைய சீட்டுக்கட்டைப் பிரித்து, ரிம்முக்கும் ரப்பருக்கும் நடுவே ஒவ்வொன்றாகச் செருகுவது என் வேலை. ஜோக்கரை மட்டும் ஒளித்துவைத்துக்கொள்வேன்.

ஸ்டெப்னிக்கும் ஒரு கோட் உண்டு. (அந்தப் பெயர் வேல்ஸ் நாட்டு லனெல்லியில் இருக்கும் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. 1904-இல் உதிரிச் சக்கரம் செய்தவர்களின் கடை அங்கேதான்.)

ஒரு வருஷம் நட்டு உட்காரும் குழியிலும் தடிமனாகப் பூசிவிட்டார். பூஜை முடிந்து எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பினோம். திருப்பரங்குன்றம் போவதற்குள் பெயின்ட் நசுங்கி, நட்டு தளர்ந்து, முன்சக்கரம் கடகடவென்றது. சாலையோரம் ஸ்பானரோடு குந்தியவரின் வெள்ளை வேட்டியில் சில்வர் கை அச்சு.