எலும்பில் வைக்கும் செராமிக்... ஓட்டை இருந்தாத்தான் வேலை செய்யும்!

அப்பாவுக்குப் பல் எடுத்தாச்சு. இம்ப்ளான்ட் வைக்கலாம்னு போனால், "எலும்பு போதலை, போன் கிராஃப்ட் போடணும்" என்கிறார் டாக்டர். பில்லில் அதற்குத் தனியாக ஒரு தொகை. கேட்டால், சின்ன பாட்டிலில் வெள்ளையாக ரவை மாதிரி எதையோ காட்டுகிறார்கள். 'இதுக்கா இவ்ளோ காசு?' என்று தோணும்தான். அந்த ரவையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம், வாங்க.

அது பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட் வகை செராமிக். செராமிக் என்றதும் நமக்கு காபி மக்கும் பாத்ரூம் டைல்ஸும்தான் ஞாபகம் வரும். ஆனா, நம்ம எலும்பின் எடையில் சுமார் 60-70 சதவிகிதம் தாதுப்பொருள்தான். ஹைட்ராக்ஸிஅபடைட் என்கிற கால்சியம் பாஸ்பேட்டுக்கு அது ரொம்ப நெருங்கின சொந்தம். அதனால்தான் அந்தப் பொருளில் செய்த செராமிக்கை உடம்பு எதிரியாக நினைப்பதில்லை.

மக்கில் ஓட்டை விழுந்தால் தூக்கிப் போடுவோம். இங்கே ஓட்டைதான் சரக்கே! புது எலும்பு உள்ளே வளரணும்னா செல்கள் நுழையணும், கூடவே ரத்தக்குழாயும் போகணும். அதற்குத் துளைகள் குறைந்தது 100 மைக்ரான், அதாவது ஏறக்குறைய ஒரு தலைமுடி தடிமனுக்காவது இருக்க வேண்டும். 300 மைக்ரானைத் தாண்டினால் இன்னும் நல்லது. துளைகள் ஒன்றோடு ஒன்று இணைந்தும் இருக்கணும். ஆயிரம் ரூம் கட்டிவிட்டு ஒரு கதவுகூட வைக்கவில்லை என்றால், யார் குடிவருவார்கள்?

இந்த ஓட்டைகளை எப்படிப் போடுகிறார்கள் என்பதுதான் செம இன்ட்ரஸ்ட்டிங். ஸ்பாஞ்சை செராமிக் குழம்பில் முக்கி, காயவைத்து, 1,200 டிகிரி அளவு சூட்டில் சுட்டால் ஸ்பாஞ்ச் எரிந்துபோகும். அதன் உருவம் மட்டும் செராமிக்காக நிற்கும். பீரோவில் போடுகிற அந்துருண்டை இருக்கிறதே, அந்த நாப்தலீனைப் பொடித்துக் கலந்து, பிறகு ஆவியாக்கி வெளியேற்றுகிற முறையும் உண்டு.

இன்னொரு வழியைக் கடலே செய்து வைத்திருந்தது. சில பவளங்களின் கூடு, கிட்டத்தட்ட நம் எலும்பு போலவே துளைகள் இணைந்தது. ஆனால், அது கால்சியம் கார்பனேட். அமெரிக்காவில் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் டெல்லா ராய், சக ஆய்வாளர் லின்னெஹனோடு சேர்ந்து, பவளத்தை பாஸ்பேட் கரைசலில் அழுத்தமும் சூடும் கொடுத்து ஹைட்ராக்ஸிஅபடைட்டாக மாற்றிக் காட்டினார். பொருள் மாறியது, துளைகள் அப்படியே இருந்தன. 1974-ல் 'நேச்சர்' இதழில் அது வெளியானது. அந்த வகைப் பொருளை 1980-களில், கண்ணை எடுக்க நேர்ந்தவர்களின் கண்குழிக்குள் வைக்கும் உருண்டையாகவும் பயன்படுத்தத் தொடங்கினார்கள். துளைகளுக்குள் ரத்தக்குழாய் வளர்ந்து உருண்டை இடத்தில் நின்றுவிடும். கண்தசைகளை அதோடு இணைத்துவிடுவதால் அசையவும் செய்யும்.

நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்கிற கணவாய் ஓட்டையும் இதேபோல மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். அதுக்காக யாரும் அதைத் தேய்த்துப் பல்லில் வைச்சுடாதீங்க!

சரி, இவ்வளவு நல்ல பொருள் என்றால் உடைந்த கால் முழுக்க இதையே வைக்கலாமே? முடியாது. ஓட்டை கூடக்கூட பலம் குறையும். அழுத்தினால் சாக்பீஸ் மாதிரி நொறுங்கும். அதனால் பாரம் தாங்குகிற இடத்தில் பிளேட், ஸ்க்ரூ துணை வேண்டும். இடுப்பு மாற்று அறுவை சிகிச்சையில் வைக்கும் செராமிக் பந்து வேறு ரகம். அது வழுக்கணும், தேயக்கூடாது என்பதால் துளையே இல்லாத வழவழப்பு. பெரிய இடைவெளி என்றால் நோயாளியின் சொந்த இடுப்பெலும்பில் இருந்து எடுத்து வைப்பதைத்தான் இன்றும் பலர் முதல் சாய்ஸாகச் சொல்வார்கள். ஆனால், அதில் இன்னொரு காயம், இன்னொரு வலி.

டாக்டரிடம் கேட்க வேண்டியது இரண்டு. ஒன்று, 'இது எதிலிருந்து செய்தது?' செயற்கையாகவும் இருக்கலாம். புரதம் நீக்கிய மாட்டு எலும்பாகவும் இருக்கலாம். சாப்பாட்டு விஷயத்திலோ நம்பிக்கையிலோ இது முக்கியம் என்று நினைப்பவர்கள் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. இரண்டு, 'இது கரையுமா?' ட்ரைகால்சியம் பாஸ்பேட் மாதக்கணக்கில் கரைந்து எலும்புக்கு இடம்விடும். ஹைட்ராக்ஸிஅபடைட் லேசில் கரையாது, வருஷக்கணக்கில் அங்கேயே இருக்கும்.

சிகரெட் பழக்கம் இருந்தால் எலும்பு பிடிக்கத் தாமதமாகும், அதையும் மறைக்காம சொல்லிடுங்க. என்ன வைத்தார்கள் என்ற விவரத்தை மொபைலில் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. பின்னால் வேறு டாக்டர் எக்ஸ்ரே எடுக்கும்போது, 'இங்கே என்ன இது வெள்ளையா?' என்று கேட்டால் காட்ட உதவும்.