பெயர் எழுதாத பொருளின் வரலாறு: கண்ணாடிக் கோலியும் அதைச் செய்தோரும்

வரலாற்றுச் சான்று என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் ஓலையும் நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றில் ஏதேனும் ஒரு பெயர் இருக்கும். கொடுத்தவர் பெயரோ பெற்றவர் பெயரோ இல்லையெனினும் ஊர்ப் பெயராவது இருக்கும். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளில் ஓர் எழுத்தும் கிடையாது. அது சிறுவர் கைகளில் உருண்ட கண்ணாடிக் கோலி. தமிழில் கோலி, இந்தியில் கோலீ, மலாயில் குலி என மூன்றும் ஒரு குடும்பத்துச் சொற்களாகவே நம் செவிக்கு ஒலிக்கின்றன. சொல்லுக்கு உறவு சொல்ல முடிகிறது. ஆனால், கையில் இருக்கும் ஒரு பழைய குண்டை யார், எங்கே, எப்போது செய்தார்கள் என்று கேட்டால் விடை எளிதில் கிடைப்பதில்லை. அந்த விடையைத் தேடிய சேகரிப்பாளர்கள் கண்டடைந்த சில வழிகளும், அவ்வழிகளில் நேர்ந்த சில பிழைகளுமே இவ்வுரையின் பொருள்.

ஜெர்மனியில் தூரிங்கியக் காட்டின் நடுவே லாவ்ஷா என்னும் சிற்றூர் உள்ளது. 1597ஆம் ஆண்டு ஹான்ஸ் கிரைனர், கிறிஸ்டோஃப் முல்லர் என்னும் இருவர் அங்கே கண்ணாடி உலை அமைக்க உரிமை பெற்றனர். உலைக்கு விறகு காட்டிலேயே இருந்தது. அக்காலத்துச் சிறுவர்க்கான குண்டுகளோ பெரும்பாலும் கல்லாலும் மண்ணாலும் ஆனவை. மலையோடைகளின் விசையால் சுழலும் ஆலைகளில் கற்களைத் தேய்த்து உருட்டினார்கள். 1840களின் பிற்பகுதியில் லாவ்ஷாவில் ஒரு கருவி தோன்றியது. ஒரு புறம் சிறு கிண்ணமும் மறுபுறம் வெட்டும் அலகும் கொண்ட இடுக்கி அது. அதன்பிறகு கண்ணாடிக் குண்டு பெருந்தொழிலாயிற்று.

செய்முறையைச் சற்று நின்று பார்ப்பது பயன் தரும். வெள்ளை இழைகளைக் கருவாக வைத்து, அதன்மேல் தெளிந்த கண்ணாடியைப் பூசி, அதன்மேல் வண்ணக் கீற்றுகளை ஒட்டி, மீண்டும் தெளிந்த கண்ணாடியால் மூடுவர். இளகிய நிலையில் முறுக்கி நீட்டினால் கோல் போன்ற நீண்ட தண்டு கிடைக்கும். அதன் நுனியை இடுக்கியின் கிண்ணத்தில் வைத்துச் சுழற்றினால் உருண்டையாகும். அலகை அழுத்தினால் துண்டாகும். பிறகு அடுத்த குண்டு. எனவே ஒவ்வொரு குண்டின் இரு முனைகளிலும் வெட்டுத் தழும்பு இருக்கும். அந்தத் தழும்பே கைவினைக்கு முதற்சான்று. தண்டின் தொடக்கத்தில் வந்த குண்டிலும் கடைசியில் வந்த குண்டிலும் வண்ணக் கீற்றுகள் ஒரு முனை முதல் மறுமுனை வரை செல்லாமல் நடுவிலேயே நின்றுவிடும். உலைக்களத்தில் குறையாக எண்ணப்பட்டிருக்கக்கூடிய இவற்றைத்தான் இன்று சேகரிப்பாளர்கள் போட்டியிட்டு வாங்குகிறார்கள். அவர்களின் ஆசை வியப்பளித்தாலும், தண்டின் எந்த இடத்தில் ஒரு குண்டு பிறந்தது என்பதையே அது சொல்லிவிடுகிறதென்றால் ஆசைப்படுவதில் தவறில்லை என்றும் தோன்றுகிறது.

அடுத்த திருப்பம் அமெரிக்காவில் நிகழ்ந்தது. ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில் சாமுவேல் டைக் என்பவர் 1884இல் களிமண் குண்டுகளைப் பெருந்தொகையாகச் செய்யத் தொடங்கினார். அந்நகரிலேயே, டென்மார்க்கில் பிறந்த மார்ட்டின் கிறிஸ்டென்சன் என்பவர், மிதிவண்டி பேரிங்கில் இருப்பது போன்ற எஃகுக் குண்டுகளைச் செய்யும் முறையில் தேர்ந்தவராக இருந்தார். அந்த அறிவைக் கண்ணாடிக்கு மாற்றி, ஓர் எந்திரத்துக்கு 1905இல் காப்புரிமை பெற்றார். பள்ளம் வெட்டிய இரு சக்கரங்கள் அருகருகே சுழலும். இளகிய கண்ணாடியை ஒருவர் இரும்புக் கோலால் எடுத்துச் சொட்டவிட, மற்றொருவர் அளவாகக் கத்தரிப்பார். சக்கரங்கள் அதை உருண்டையாக்கும். வெட்டுத் தழும்பு மறைந்தது. ஆயினும் கை முழுவதும் விலகவில்லை. கோலை ஏந்தியவர் அதைச் சுழற்றிக்கொண்டே சொட்டவிட்டதால், குண்டின் ஒரு முனையில் 9 என்னும் எண் போன்ற சுழியும், மறுமுனையில் கத்தரித்த இடத்தில் வால் போன்ற கோடும் பதிந்தன. கையொப்பம் இடாத தொழிலாளியின் மணிக்கட்டு அசைவு நூறாண்டு கடந்தும் தெரிகிறது.

1914இல் மூண்ட உலகப் போர் ஜெர்மானிய இறக்குமதியை நிறுத்தியது. கிறிஸ்டென்சனுக்கு அது நற்காலமாக அமைந்திருக்க வேண்டும். ஆனால் அவர் 1915இல் மறைந்தார். போர்க்கால எரிவாயுத் தட்டுப்பாட்டில் 1917இல் தொழிற்சாலையும் மூடப்பட்டது. அவரிடம் பணியாற்றிய ஹொரேஸ் ஹில் என்பவர் ஆக்ரோ அகேட் நிறுவனத்துக்குச் சென்று, 1915இல் எந்திரமொன்றுக்குத் தம் பெயரில் காப்புரிமை பெற்றிருந்தார். எரிவாயுவும் மணலும் மலிவாகக் கிடைத்த மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்க் நகருக்கு 1914இல் இடம்பெயர்ந்த அந்நிறுவனமே பின்னர் இத்தொழிலில் ஓங்கி நின்றது. திருகாணி போல் முறுக்கிச் செல்லும் இரு வண்ணக் குண்டுகள் அதன் அடையாளம்.

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. 1925இல் ஒஹாயோவின் பெயின் என்னும் ஊரில் ‘கிறிஸ்டென்சன் அகேட்’ என்ற பெயரில் புதிய நிறுவனம் ஒன்று எழுந்து, பின்னர் கேம்பிரிட்ஜ் என்னும் ஊருக்கு மாறியது. மறைந்த மார்ட்டின் கிறிஸ்டென்சனுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பெயரின் மதிப்பை நாடியே அப்பெயரைச் சூட்டினர் என்பது என் கருத்து. பெயர் ஒன்றாக இருந்ததால் இரு நிறுவனங்களின் குண்டுகளையும் ஒருவருடையனவாகக் கருதும் வழு எளிதில் நேர்ந்தது. பெயரில்லாத பொருளை ஆராய்வதில் உள்ள இடர் ஒன்று. தவறான பெயர் ஒட்டிக்கொண்ட பொருளை ஆராய்வதில் உள்ள இடர் அதனினும் பெரிது. பெயர் வந்தவுடன் நாம் தேடுவதை நிறுத்திவிடுகிறோம்.

அப்படியானால் எதை நம்புவது? பழைய பெட்டியை நம்பலாம் என்பர். பெரி பிங்க் என்னும் வணிகர் தம் பெயரில் விற்ற குண்டுகளை இல்லினாய் மாநிலத்துப் பெல்ட்டியர் நிறுவனம் செய்து கொடுத்தது. ஆகவே பெட்டியில் உள்ளது விற்றவர் பெயர். செய்தவர் பெயர் அன்று. மேலும் வெறும் பெட்டியில் வேறு குண்டுகளை நிரப்பி விற்பது கடினமும் இல்லை. புற ஊதா விளக்கொளியில் பச்சையாக ஒளிர்ந்தால் இன்ன நிறுவனம் என்பார் சிலர். யுரேனியம் கலந்த கண்ணாடி எங்கு செய்தாலும் ஒளிரும்; ஆதலால் அது மூலப்பொருளைக் காட்டுமேயன்றிச் செய்தவரைக் காட்டாது. மிக வலுவான சான்று தொழிற்சாலை நின்ற நிலத்துக் குப்பைமேடுதான். ஒன்றோடொன்று ஒட்டிப்போன குண்டுகளையும், உருண்டையாகாத கட்டிகளையும் வேற்றூரிலிருந்து எவரும் வாங்கி வந்து புதைத்திருக்க மாட்டார். ஆனால் அங்கும் எச்சரிக்கை வேண்டும்: உலையில் உருக்குவதற்காக உடைகண்ணாடியை வெளியிலிருந்து விலைக்கு வாங்கும் வழக்கம் இருந்தது.

என் மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். ஆர்வலர் பலர் மண்வெட்டியோடு அந்நிலங்களைத் தோண்டினர். எவ்வளவு ஆழத்தில், எந்தப் படுகையில், எதனோடு கிடைத்தது என்ற குறிப்பு இல்லாமல் எடுத்த குண்டு விலை பெறும். ஆனால் காலம் சொல்லாது. இதே ஆர்வலர்கள் இல்லையென்றால் காப்புரிமை ஆவணங்களையும் விற்பனைப் பட்டியல்களையும் தேடிப் படித்திருப்பாரும் இல்லை. இரண்டும் உண்மை.

1950ஐ ஒட்டி, தெளிந்த கண்ணாடிக்குள் பூனைக்கண் போன்ற வண்ணத் தகடு பதித்த குண்டுகள் ஜப்பானிலிருந்து அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. விலையும் குறைவு. ஆக்ரோ அகேட் 1951இல் மூடப்பட்டது. மாணவர்களே, உங்கள் தாத்தாவின் தகரப் பெட்டியில் கோலி இருந்தால் அது பெரும்பாலும் இந்தப் பூனைக்கண் வகையாகவே இருக்கும்.

இன்னொரு வகை நம்மிடையே உண்டு. இங்கிலாந்தில் ஹைரம் காட் என்பவர் 1872இல் காப்புரிமை பெற்ற சோடாப் புட்டியின் கழுத்தில் ஒரு கண்ணாடிக் குண்டு இருக்கும். உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம் அதை ரப்பர் வளையத்தோடு இறுக்கி மூடிவைக்கும். தமிழகத்தார் அதைக் கோலி சோடா என்றனர். புட்டியின் கண்ணாடியில் சோடா நிறுவனத்தின் பெயர் புடைப்பாகப் பொறிக்கப்பட்டிருப்பதுண்டு. உள்ளிருக்கும் குண்டில் ஒன்றுமில்லை. அந்தக் குண்டுக்காகவே சிறுவர்கள் புட்டிகளை உடைத்ததால், முழுப் புட்டிகள் இன்று அரிதாகிவிட்டன. என் மேசை இழுப்பறையில் அப்படிப்பட்ட ஒன்று கிடக்கிறது. நீலம் கலந்த பச்சை, ஒரு புறம் சிறு கீறல். தோட்டத்து லயத்து வாசலில் நான் ஆடித் தோற்று, மறுநாள் அண்ணன் வென்று திருப்பித் தந்த குண்டு அது. அதன் புட்டியை நான் பார்த்ததே இல்லை.