கூர் வந்த வழி

சேலத்தை அடுத்த கஞ்சமலையில் காந்தம் ஒட்டும் கருங்கல் கிடைக்கும். மேக்னடைட் என்னும் அந்தத் தாதுவில் இரும்பு மிகுதி. மேற்கே சென்னிமலைப் பக்கமும் இரும்புத்தாது உண்டு. அதற்கு அருகே, நொய்யல் கரைக் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் உலைகளும் இரும்புக் கசடும் உலோகம் உருக்கும் மூசைகளின் துண்டுகளும் வெளிப்பட்டன. சங்க காலத்திலேயே இங்கே உருக்கு ஆக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். சவரக்கத்தியின் பயணத்தை இந்த மண்ணிலிருந்துதான் சொல்லத் தொடங்க வேண்டும்.

அவர்களுடைய வழிவந்த செய்முறை 19-ஆம் நூற்றாண்டு வரை சேலம் வட்டாரத்தில் நடந்தது. இரும்புத் துண்டுகளைச் சிறு மண்மூசையில் இடுவார்கள். காய்ந்த ஆவாரங்குச்சியை நறுக்கிப் போட்டு, மேலே எருக்கிலை ஒன்றிரண்டை வைத்து, வாயைக் களிமண்ணால் அடைத்து, துருத்தி ஊதிக் காய்ச்சுவார்கள். குச்சியும் இலையும் கரியாகி இரும்போடு கலக்கும். ஆறிய மூசையை உடைத்தால், நூற்றில் ஒன்று முதல் இரண்டு பங்கு வரை கரி ஏறிய உருக்குக் கட்டி கிடைக்கும். கரி ஏறாத இரும்பில் கூர் நிற்காது. கரி மிஞ்சினால் கத்தியின் வாய் பொரிந்துவிடும். மயிரை அறுக்கும் கத்திக்கு நடுவில் ஓர் அளவு வேண்டும். அந்த அளவைக் கொல்லர்கள் கைப்பழக்கத்தில் கண்டுவைத்திருந்தார்கள்.

தென்னாட்டு உருக்கு பிறகு கடல் கடந்தது. 1794-ல் டாக்டர் ஹெலனஸ் ஸ்காட் பம்பாயிலிருந்து சில கட்டிகளை லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு அனுப்பினார். ‘ஊட்ஸ்’ என்று அங்கே பெயர் பெற்ற அந்த உருக்கு, ஜேம்ஸ் ஸ்டோடார்ட் கைக்குப் போனது. அறுவைக் கருவிகளும் சவரக்கத்திகளும் செய்து விற்றவர் அவர். ஐரோப்பாவின் தலைசிறந்த உருக்கைவிட இந்திய உருக்கையே தாம் விரும்புவதாகத் தம் கடை அட்டையிலேயே அச்சிட்டார். மின்சார ஆய்வால் புகழ்பெற்ற மைக்கேல் ஃபாரடே, அதற்கு முன்பு ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து இந்த உருக்கின் ரகசியத்தைத் தேடினார். 1820-லும் 1822-லும் கட்டுரைகள் வெளியிட்டார். சோதனை உருக்கில் செய்த சவரக்கத்திகளை நண்பர்களுக்கு அன்பளிப்பாகவும் கொடுத்தார்.

அடுத்து வந்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, சேலத்துத் தாதுவை நம்பி 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். ஆவாரங்குச்சி, எருக்கிலைச் செய்முறையை எழுதிவைத்தவர்களில் அவரும் ஒருவர். 1839-ல் இங்கிலாந்தில், உருகும் எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு நகரத்து எஃகு அதனால் தரம் உயர்ந்தது, விலை குறைந்தது. ஆனால் அந்த முறையைச் சற்றே மாற்றிக்கொண்டு, அவருக்குச் சேர வேண்டிய தொகையைத் தராமல் ஊரே பிழைத்தது. வழக்காடி நொடித்துப்போன ஹீத் 1851-ல் இறந்தார். 1855-ல் வந்த இறுதித் தீர்ப்பும் அவருக்கு எதிராகவே முடிந்தது.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் ஜெர்மனியின் சோலிங்கனும் உலகத்துக்கே சவரக்கத்தி செய்தன. அந்த ஊர்களின் முத்திரை பதித்த மடக்குக் கத்திகள் கப்பலேறி நம் நாட்டுக்கும் வந்து, நாவிதர்களின் அடைப்பப் பையில் ஊர்க் கொல்லர் அடித்த கத்திக்குப் பக்கத்தில் இடம்பிடித்தன. ஆலை கத்தியைத்தான் அனுப்பியது. கூரைக் கொடுத்து, அன்றாடம் காத்துவந்தது நாவிதரின் கை.

எல்லாக் கத்தியையும் ஒரே மாதிரி தீட்ட முடியாது. கொல்லர் அடித்ததும் பழைய ஷெஃபீல்டு வகையும் ஆப்பு வடிவானவை. முதுகிலிருந்து வாய் வரை தசை உள்ளவை. கல்லில் தேய வேண்டிய உலோகம் அதிகம், பொறுமையும் அதிகம் வேண்டும். முரட்டுத் தாடிக்கும் மொட்டைக்கும் அவை அசையாமல் நிற்கும். 19-ஆம் நூற்றாண்டில் இரு பக்கமும் குடைந்து மெலித்த குழிவுக் கத்தி வந்தது. நன்றாகக் குடைந்த கத்தியின் வாயை நகத்தால் சுண்டினால் ஒலிக்கும். அதைக் கல்லில் அழுத்தினால் வாய் வளைந்து விலகிக்கொள்ளும், கூர் ஏறாது. கத்தியின் சொந்தக் கனமே போதும். ஜப்பானியக் கத்தியில் இரு பக்கமும் ஒரே வடிவம் இல்லை. ஒரு பக்கத்துக்குக் கூடுதல் தேய்ப்பு, மறுபக்கத்துக்குக் குறைவு என்று கணக்கு வைத்துத் தீட்டுவார்கள்.

மடக்குக் கத்தியின் பெரிய நுட்பம் அதன் முதுகில் இருக்கிறது. கல்லில் படுக்க வைத்தால் முதுகும் வாயும் ஒருங்கே படும். எந்தக் கோணத்தில் பிடிப்பது என்ற குழப்பமே இல்லை. முதுகின் தடிமனும் அலகின் அகலமும் அதை முடிவு செய்துவிடுகின்றன. வருஷக்கணக்கில் வாய் தேயத் தேய முதுகும் கூடவே தேய்வதால் கோணம் பெரிதாக மாறுவதில்லை. கல்லில் வாய் முன்னே போக வேண்டும். தோல்வாரில் முதுகு முன்னே போக வேண்டும். திருப்பும்போது முதுகின் மேல் புரட்ட வேண்டும். வாயின் மேல் புரட்டினால் வாரும் அறுபடும், கூரும் போகும். கல் உலோகத்தைக் குறைத்து விளிம்பை உண்டாக்குகிறது. வார் அந்த விளிம்பை நேராக்கி நிறுத்துகிறது. அதனால் வார் தினமும் வேண்டும், கல் எப்போதாவது போதும். வேலை முடிந்ததும் ஈரம் துடைத்து, துளி தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். துரு முதலில் தின்பது விளிம்பைத்தான்.

எஃகு மயிரைவிட ஏறத்தாழ 50 மடங்கு கடினமானது. பிறகு ஏன் மழுங்குகிறது? அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-ல் மின்னணு நுண்ணோக்கியின் கீழே பார்த்து விடை சொன்னார்கள். வளைந்துகொடுக்கும் மயிர் சாய்வாக மோதும்போது, எஃகின் உட்கட்டமைப்பு சீராக இல்லாத இடங்களில் விளிம்பு நுண்சில்லுகளாகப் பெயர்கிறது. நன்றாகத் தீட்டிய விளிம்பின் பருமன் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. மைக்ரான் கணக்கில் எந்திர உறுப்புகளைக் கடைவது கோவைப் பட்டறைகளுக்குப் பெருமை. அளவுகருவி எதுவும் இல்லாமல், மரத்தடியில் ஒரு கல்லும் வாரும் வைத்துக்கொண்டு அந்த நுட்பத்தைக் கையாண்ட நாவிதரையும் அந்தப் பெருமையில் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அவரை இந்தச் சமூகம் எப்படி நடத்தியது? கொங்கு வேளாளர் கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாடுபவர் குடிமகன் என்று அழைக்கப்படும் நாவிதர்தான். அவர் வாழ்த்தாமல் சீர் நிறைவேறாது. புண் அறுத்து மருந்திட்டவர்களும், பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சிகளும் அந்தக் குடும்பங்களிலிருந்து வந்தார்கள். கூலியோ அறுவடைக்கு அறுவடை அளந்த தானியம். வாழ்த்து வேண்டியிருந்தது, கைத்திறம் வேண்டியிருந்தது. சமமாக உட்கார வைக்க மட்டும் மனம் வரவில்லை. கத்தி தீட்டும் அறிவு ஏட்டில் ஏறாமல் போனதற்கு இதுவே முதல் காரணம்.

மாற்றம் வெளியிலிருந்து வந்தது. அமெரிக்காவில் கிங் ஜில்லெட் 1903-ல் பிளேடு விற்கத் தொடங்கினார். கோவையில் ஜி.டி. நாயுடு மிக மெல்லிய சவர பிளேடுகளையும், பேட்டரியில் ஓடும் ‘ரேசன்ட்’ என்ற சவர எந்திரத்தையும் உருவாக்கினார். அப்போதும் சலூன்களில் மடக்குக் கத்தி இருந்தது. 1986-ல் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். அதன்பின் பரவிய விழிப்புணர்வு, ஒரே கத்தியைப் பலருக்கும் வைக்கும் பழக்கத்தைப் பெரும்பாலும் முடித்தது. பிளேடைப் பாதியாக ஒடித்துப் பிடியில் செருகி, ஆளுக்கு ஒன்றாக மாற்றும் முறை வந்தது. பழனியில் முடிக்காணிக்கை செலுத்தும் பிள்ளையின் தலைக்குப் புது பிளேடு போடுவதில் உயிர்க்காப்பு இருக்கிறது. இந்த மாற்றத்தை நான் முழுமனதோடு வரவேற்கிறேன்.

ஆனால் தீட்டும் அறிவையும் பிளேடோடு சேர்த்துக் குப்பையில் போட வேண்டியதில்லை. தாத்தாவின் கத்தி வீட்டில் இருந்தால் தெருவில் வரும் சக்கரச் சாணைக்குக் கொடுக்காதீர்கள். உராய்வுச் சூட்டில் விளிம்பு நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போய்விடும். பிறகு எந்தக் கல்லில் தீட்டினாலும் கூர் நிற்காது. மடக்குக் கத்தி பிடித்த பெரியவர்கள் கொங்கு ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைப் பொறியியல் கல்லூரிகள் அழைத்து, உரிய மதிப்பூதியம் கொடுத்து, கல் தேர்வையும் கைப்பாங்கையும் படம்பிடித்துப் பதிவு செய்ய வேண்டும். மாணவர்கள் கற்க வேண்டிய உலோகவியல் பாடம் அந்தக் கைகளில் இருக்கிறது. கற்றுத்தருபவரை ஆசிரியர் என்றே அழைக்க வேண்டும்.