லயத்து அடுப்பும் பனிக்கால இரவும்: கவனிக்க வேண்டியவை

நுவரெலியா மாவட்டத்தின் டயகம தோட்டப் பகுதியில் ஜனவரி, பெப்ரவரி இரவுகள் கடுங்குளிரானவை. நோர்வேக்கோ ஜெர்மனிக்கோ போன உறவுகளின் வீட்டை வெப்பப் பம்பி சூடாக்கலாம். அதன் காற்று வடிகட்டியைத் துப்புரவு செய்வது அங்கே வழக்கமான வேலை. லயக் காம்பராவில் அந்த இடத்தில் இருப்பது விறகடுப்பு. அதற்கும் பராமரிப்பு உண்டு.

விறகு: கவ்வாத்து மிலாறை ஈரத்தோடு எரித்தால் சூடு குறையும், புகை கூடும். மழை படாத இடத்தில் அடுக்கி, நன்றாகக் காய்ந்த பிறகே எரிக்க வேண்டும்.

புகைபோக்கி: அடுப்பு முழுதாக ஆறிய பின், நீண்ட கம்பில் சாக்கைக் கட்டிப் படிந்த கரியைத் தட்டி இறக்குங்கள். அந்தக் கரி தீப்பிடிக்கும். லயத்தில் சுவரும் கூரையும் பொது. ஒரு காம்பராவில் பற்றும் தீ வரிசை முழுவதற்கும் பரவலாம்.

கரிச்சட்டி: கதவு, யன்னலை அடைத்துவிட்டுத் தணலை வைத்துத் தூங்குவதுதான் பெரிய ஆபத்து. புகையில்லாத தணலும் காபன் மொனொக்சைட்டை வெளிவிடும். அதற்கு நிறமோ மணமோ இல்லை. தூங்குபவருக்குத் தெரியவே தெரியாது. படுக்குமுன் சட்டியை வெளியே வையுங்கள். வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, தலைசுற்றல், வாந்தி வந்தால் எல்லோரையும் உடனே வெளியே கொண்டுவந்து, 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸை அழையுங்கள்.

பெரும்பாலான லயங்களின் உரித்து குடியிருப்போரிடம் இல்லை. உடைந்த புகைபோக்கியைத் திருத்தித் தரும்படி தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். பிரதியொன்றைக் கையில் வைத்திருங்கள்.