பாய்மரப் படகோட்டப் பயிற்சி: சென்னைத் துறைமுகமும் வேலூரும்

காற்றின் விசையை மட்டும் கொண்டு படகைச் செலுத்தும் விளையாட்டு பாய்மரப் படகோட்டம் ஆகும். காற்றை ஆளும் கலை தமிழர்க்குப் புதிதன்று. புறநானூற்றின் 66ஆம் பாடலில் வெண்ணிக் குயத்தியார், கரிகாலனின் முன்னோரைக் காற்றை வசப்படுத்திக் கலம் செலுத்தியவர் எனப் போற்றுகிறார். வாடை, தென்றல், கொண்டல், கோடை எனத் திசைக்கொரு பெயரும் காற்றுக்கு உண்டு. ஆயினும் மன்றம், விதிமுறை, போட்டி என்று அமைந்த விளையாட்டாக இது ஆங்கிலேயர் காலத்திலேயே வந்தது.

துறைமுகத்தில் தொடக்கம்

இன்றைய இராயல் மெட்ராஸ் படகு மன்றம் 1911இல் தோன்றியது. சென்னைத் துறைமுகக் கழகத் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் இதனை நிறுவினார். கணித மேதை இராமானுசன் அக்கழகத்தில் எழுத்தராக இருந்தபோது அவரை ஆதரித்தவரும் இவரே. துறைமுகச் சுவருக்குள் பாய்மரம் பொழுதுபோக்காக இருந்தது. சுவருக்கு வெளியே கட்டுமரத்தில் சென்ற மீனவர்க்கு அது பிழைப்பாக இருந்தது. கடலும் காற்றும் ஒன்றே. கற்கும் வழிகள் வேறு.

தொடக்கநிலைப் பயிற்சி

சிறுவர்கள் பெரும்பாலும் 'ஆப்டிமிஸ்ட்' என்னும் சிறுபடகில் கற்கத் தொடங்குவர். அமெரிக்கரான கிளார்க் மில்ஸ் 1947இல் வடிவமைத்த இப்படகு ஏறத்தாழ 2.3 மீட்டர் நீளமுடையது. ஒருவரே ஓட்டுவது, 15 வயது வரையானோர்க்கு உரியது. காற்று வரும் திசையை அறிவதே முதற்பாடம். கவிழ்ந்த படகை நிமிர்த்தி மீண்டும் ஏறுவது அடுத்தது. எந்தப் பாய்மரப் படகும் காற்றை நேர் எதிர்த்துச் செல்லாது. எனவே, காற்றுக்கு ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் இடமும் வலமுமாக மாறி மாறி முன்னேற வேண்டும். ஒரு கை சுக்கானையும் மறுகை பாயின் கயிற்றையும் பிடித்திருக்கும்.

சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் 2009இல் தமிழ்நாடு பாய்மரப் படகோட்டச் சங்கத்தின் கோடை முகாமில் இப்பயிற்சியைத் தொடங்கினார். 2021இல், இவ்விளையாட்டில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார்.

வேலூரின் பங்கு

வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணனும் அதே டோக்கியோ ஒலிம்பிக்கில் பங்கேற்று 20ஆம் இடம் பெற்றார். 2023இல் காங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலம் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 18ஆம் இடம் பெற்றார்.

வேலூரில் கடல் இல்லை. பாலாறோ ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடப்பது. ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதித் தோல் பதனிடும் தொழிலின் கழிவு அதன் நிலத்தடி நீரையும் கெடுத்தது. இது பற்றிய வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை உச்ச நீதிமன்றம் 1996இல் வலியுறுத்தியது.

இத்தகைய ஊரிலிருந்து கடலுக்கு வழி காட்டியது படைப்பணி. வேலூர் மாவட்டம் படைக்கு ஆள் தரும் மரபுடையது. கம்மவான்பேட்டை 'இராணுவப்பேட்டை' என்றே அழைக்கப்படுகிறது. விஷ்ணுவின் தந்தையும் படைவீரர், படகோட்டி. விஷ்ணு தரைப்படையில் சேர்ந்து, மும்பையிலுள்ள அதன் படகோட்டப் பயிற்சி மையத்தில் தேர்ச்சி பெற்றார். படகும் பாயும் விலை மிகுந்தவை. கற்றுத்தரும் இடங்களும் சிலவே. எனவே இவ்விளையாட்டில் திறமைக்கு முன் தேவைப்படுவது வாய்ப்பு. சென்னைச் சிறுமிக்கு அதைக் கோடை முகாம் தந்தது. வேலூர்ச் சிறுவனுக்குப் படை தந்தது.